வத்துகிற கண்மாய்க்கும் விதி வேண்டும்

"எப்படியும் சித்திரையில் வத்திப்போகிற கண்மாய். இதில் மீன் பிடிக்க என்ன சட்டம், என்ன திட்டம்?" அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மீன்பாசி ஏலம், அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமைக்கான ஏலம் என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வருகிறது. ஏலத்தை எதிர்ப்பவரும் கேட்கிறார், எடுத்தவரும் கேட்கிறார்.

வத்தினால் மீனெல்லாம் செத்துவிடும் என்பதே சரியில்லை. விராலும் குரவையும் மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு வாங்குபவை. மடையோரப் பள்ளத்தில் மிஞ்சும் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகும்போது அந்த மிச்சத்திலிருந்துதான் அடுத்த தலைமுறை. செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளித்தபடி நகரும்; அடியில் பெரிய விரால் காவல் இருக்கும். தூண்டில்காரர்கள் சிலர் அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே தவளையைக் குத்திப் போடுகிறார்கள். குஞ்சைக் காக்கப் பாயும் விரால் உடனே மாட்டிக்கொள்ளும். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். பொழுதுபோக்குத் தூண்டிலால் என்ன கெட்டுவிடும் என்பவர்களுக்கு இதுதான் பதில். குஞ்சோடு திரியும் விராலைத் தொடக்கூடாது என்று ஊர்க்கூட்டமே முடிவெடுக்கலாம். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

"கட்டுப்பாடெல்லாம் இப்போது வந்தது" என்பதும் தவறு. வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் கொல்வதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. கண்மாய், குளத்துக்கும் அது பொருந்தும். மீன்பிடித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் துண்டை வீசும்வரை, ஊத்தாவோடு கரையில் நிற்கும் கூட்டத்தில் ஒருவரும் தண்ணீரில் இறங்குவதில்லையே, அதுவும் விதிதான்.

அடுத்து, "காசு கட்டியவனுக்குக் கண்மாய் சொந்தம்." குத்தகை மீனுக்கு மட்டுமே, தண்ணீருக்கு அல்ல. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. யாரிடம் இருந்தாலும், கதிர் பிடிக்கும் நேரத்தில் மடையைத் திறந்து தண்ணீரை வடித்து மீன் அள்ளுவது வயலுக்குச் செய்யும் அநியாயம். அதேபோல, குத்தகைதாரரின் மீனை ஊரார் அள்ளுவதும் நியாயமில்லை. கட்லாவும் ரோகுவும் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. குஞ்சுகளை அவர் விலைக்கு வாங்கித்தான் விடுகிறார்.

எனக்குப் பெரிய பயம் ஆப்பிரிக்கக் கெளுத்திதான். 2000-லேயே மத்திய அரசு தடை செய்த மீன் அது. "ஒரு கோடையில் தானே அழிந்துவிடும்" என்கிறார்கள். அழியாது. அதுவும் காற்றை விழுங்கும், சேற்றில் பிழைக்கும், அயிரையையும் கெண்டையையும் தின்று கொழுக்கும். ஒரு கண்மாயின் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் பாயும் நாடு இது. ஒருவர் தெரியாமல் விட்டால்கூட, நல்ல மழை வருஷத்தில் அது கீழே உள்ள கண்மாய்களுக்கெல்லாம் போய்ச் சேரும்.

ஜூலையில் புதுப் பசலி ஆண்டு பிறக்கிறது. ஏலம் விடுமுன் எந்தக் குஞ்சை விடலாம், தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கினால் வலையை நிறுத்த வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கரையிலேயே பலகையாக வைக்கச் சொல்லி கிராம சபையில் கேளுங்கள்.