புத்தகம் யாருடைய பெயரில்?



சேமிப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் எங்கள் மாதர் சங்கத்தில் பாதிப்பேர் எழும்பப் பார்த்தார்கள். "உலை வைக்க அரிசி இல்லை, இதுக்குள்ள சேமிப்போ?" என்றார் ஒருவர். அதில் பிழையும் இல்லை. அதனால் நான் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன்.

அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் 1864இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கறுப்பினப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் மெகி. தாய் அடிமையாக இருந்தவர். 1876இல் மெகியின் சிறிய தந்தையின் உடலை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். தாய் வெள்ளையரின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். கூடையைச் சுமந்து வீடு வீடாகத் திரிந்தது பன்னிரண்டு வயது மெகிதான்.

படித்து ஆசிரியையானார். 1886இல் திருமணம் முடித்ததும் வேலை போயிற்று. மணமான பெண் படிப்பிக்கக் கூடாதென்பது அன்றைய விதி. நல்ல விதிதான்!

கறுப்பின மக்களுக்கு நோயிலும் மரணத்திலும் கைகொடுக்கும் சங்கம் ஒன்றில் அவர் சிறுவயதிலேயே சேர்ந்திருந்தார். நம்மூர் மரண சகாய சங்கம் மாதிரித்தான். 1899இல் அதன் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது இருப்பு 31 டொலர் 61 சதம். கடனோ 400 டொலர். விட்டுவிட்டு ஓடத்தான் தோன்றும். அவர் ஓடவில்லை. 1903 நவம்பரில் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே ஒரு சேமிப்பு வங்கியைத் திறந்தார். அமெரிக்காவில் வங்கி தொடங்கிய முதல் கறுப்பினப் பெண் மெகி லீனா வோக்கர்.

உடுப்புத் தோய்ப்பவர்களும் வீட்டு வேலைக்காரிகளும் சில்லறையோடு வந்தார்கள். பணிப்பாளர் சபையிலும் பெண்கள் இருந்தார்கள். சிறுமிகளுக்கும் சிறுவர்களுக்கும் மட்டை உண்டியல் கொடுத்தார்கள். 100 சதம் சேர்ந்தால் கணக்குத் திறக்கலாம். அந்த வங்கியில் கடன் பெற்றுப் பல குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின. வாடகைக்காரன் வெளியே போ என்று சொல்ல முடியாத வீடு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு காவல் என்பதை இடம்பெயர்ந்த நமக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

1905இல் சங்கம் திறந்த கடை வெள்ளை வியாபாரிகளின் எதிர்ப்பால் 1911இல் மூடப்பட்டது. 1915இல் மகனே தந்தையைத் திருடனென எண்ணிச் சுட்டுவிட, மெகி விதவையானார். பிற்காலத்தில் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை பார்த்தார். 1934இல் இறந்தார்.

கதை முடிந்ததும், வீடுகளுக்கு உடுப்புத் தோய்க்கப் போகும் அக்கா ஒருவர் கேட்டார்: "புத்தகம் ஆற்றை பேரில பிள்ளை?"

"தோய்க்கிறவையின்ரை பேரிலதான் அக்கா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ரை காசு மருமகன்ரை புத்தகத்தில கிடக்குது. கேட்டால் சண்டை வரும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் வங்கிக்குப் போனோம். அடையாள அட்டை கேட்டார்கள். அது இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதாம். இப்போது கிராம அலுவலரிடம் நடந்துகொண்டிருக்கிறோம்.