கேட்டுவிட்டு ஓட்டுங்கள்!

திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலில் விதானச் சித்திரங்களை ரசித்துக்கொண்டிருந்தேன். வேகவதி மணலில் 'படபட'வென்று மோட்டார் சைக்கிள் சத்தம்! வெளியே நின்ற நெசவாளி, "வயசு அப்படி, சார். ஆனால் தெருவில் பாவு விரித்திருக்கும்போது குறுக்கே பாய்ந்தால் எங்கள் பிழைப்பே அறுந்துபோகுமே!" என்றார்.

வாசகர்களே, பொது இடத்தில் அரசின் அனுமதியின்றிப் பந்தயம் விட்டால், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 189-வது பிரிவின்படி, முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஸ்காட்லாந்தில்கூட, மேடு காடெல்லாம் நடக்க உரிமை தந்த 2003-ஆம் வருஷத்துச் சட்டம், மோட்டாருக்கு அதைத் தரவில்லை.

வேகம்தான் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது. மண்ணில் உருள ஆசையா? தரிசு நிலத்துச் சொந்தக்காரரின் சம்மதத்தை முதலில் கேளுங்கள். பிறகு வண்டியை உதையுங்கள்!