தீயணைக்கப் பழக தாம்பரம் போகணுமா?

மாசி பிறந்தாச்சு. கன்னிவாடி மலையில் போதைப்புல் காஞ்சு நிக்குது. தீப்பிடிச்சா தீயணைப்பு வண்டி அடிவாரத்தோட சரி. பச்சைக் கொப்பை ஒடிச்சுக்கிட்டு மேலே ஏறுறது எங்க ஊர்ப் பசங்கதான்.

2018 மார்ச் 11, குரங்கணி. மலையேற வந்த உங்க நகரத்துப் பிள்ளைகள் தீயில் சிக்கி 23 பேர் செத்தாங்க. அன்னைக்கும் முதலில் ஓடினது அக்கம்பக்கத்து மக்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமா ஓடும், அதுக்கு மேலே நிக்கக் கூடாது, எரிஞ்சு முடிஞ்ச கரித்தரைதான் பத்திரம். இதெல்லாம் பழகிக் கொடுத்தாத்தானே தெரியும்?

தீயணைப்புத் துறையின் பயிற்சி மையம் தாம்பரத்தில் இருக்கு. எங்களுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல! துறைக்காரங்க போகலாம், களை எடுக்குறவன் போவானா? சின்னாளப்பட்டி பக்கத்துல காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கு. 1956-ல் கிராமத்துக்காகவே ஆரம்பிச்சது. காட்டுத்தீ, வெள்ளம், பாம்புக்கடி முதலுதவி எல்லாத்துக்கும் அங்கேயே ஒரு பயிற்சி மையம் வைக்க அரசு பணம் ஒதுக்கணும்.

புதுக் கட்டடம் கட்டி கல்வெட்டு வைக்கிறதுன்னா வேண்டாம். இருக்கிற வகுப்பறை போதும். அந்தக் காசில் பூட்ஸும் கையுறையும் வாங்குங்க. பயிற்சிக்கு வர்றவங்களுக்கு அன்னன்னைக்குக் கூலி கொடுங்க. கூலி இல்லைன்னா மூணு நாள் வேலையை விட்டுட்டு யாரு வருவா?