சுடவே இல்லையா சித்தப்பா?

சித்திரை வெயிலில் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலை வெறுங்காலோடு சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நடக்க மாட்டார்கள், பரதநாட்டியம் ஆடுவார்கள். என் சித்தப்பா மட்டும் ஊர்க்கதை பேசியபடி நிதானமாக வருவார். ‘எல்லாம் ராமர் கிருபை. எனக்குச் சுடறதே இல்லடா!’ பதினைந்து வருஷ சர்க்கரைக்காரர். பக்தி முற்றிவிட்டது என்று நாங்களும் கும்பிட்டோம்.

போன மாசம் சித்தி அவர் செருப்பைக் கழுவ எடுத்தால், உள்பக்கம் அரை அங்குலத்துக்கு ஓர் ஆணி! அதைப் போட்டுக்கொண்டுதான் ரெண்டு நாளாக பஜாருக்குப் போய் வந்திருக்கிறார். பாதத்தில் புண். முகத்தில் சிரிப்பு.

டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்தார். தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது. 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடுமாம். அதைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, ‘தெரியுதா?’ என்றார். சித்தப்பா எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாத பையன் மாதிரி முழித்தார். சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது. வலிக்கிற கால் சத்தம் போடும், உணர்ச்சி போன கால் வாயை மூடிக்கொண்டு அழுகும். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் இதைத்தான் கண்டார்: வலி தெரியாமல் அதே காலில் நடந்து நடந்துதான் புண் பெரிசாகிறது.

இழை இல்லாவிட்டாலும் விரல் இருக்கிறதே. இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஆஸ்பத்திரிக்காரர்கள் 2011-ல் வெளியிட்ட சோதனை இது. ஆளைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ரெண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் பட்டும் படாமல் ஓரிரு நொடி தொடுங்கள். அழுத்தாதீர்கள், கிச்சுகிச்சு மூட்டாதீர்கள், ஒரே விரலை ரெண்டாம் தடவை தொடாதீர்கள். வலதா, இடதா என்று அவர் சொல்லவேண்டும். ஆறில் ரெண்டு தெரியாவிட்டாலே டாக்டரிடம் போகவேண்டும். (ஆறும் தெரிந்தாலும் வருஷம் ஒருமுறை டாக்டரிடம் காலைக் காட்டத்தான் வேண்டும்.)

எங்கப்பாவுக்கும் சர்க்கரை. ‘அவன் கால் வேற, என் கால் வேறடா’ என்று முறைத்தவரை ஞாயிற்றுக்கிழமை பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். விரலை நீட்டினேன்.

‘ம்... வலது!’ என்றார் ஜம்பமாக.

நான் இன்னும் தொடவே இல்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னேன்.