தளை தட்டுவது பிள்ளையின் காதுக்குக் கேட்க வேண்டாமா?



யாப்பு பல்கலைக்கழகத்தாருக்கு உரியது. தொடக்கப்பள்ளி மாணவனுக்கு மனனமும் பொருளும் போதும் என்னும் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். குறளில் கோடிட்ட இடம், பொருளுக்கு நான்கு விடைகள். முடிந்தது செய்யுள் பாடம்! யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வுக்காகவே கற்பிக்கும் பழக்கம் போனபாடில்லை.

குறள் வெண்பாவின் இலக்கணம் அவ்வளவு மலைப்பானதா? முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. மாச்சீரை அடுத்து நிரை. விளத்தையும் காயையும் அடுத்து நேர். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் ஒன்று. நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரு தட்டு என்று சொல்லிக் கொடுத்தால் நான்காம் ஆண்டு மாணவரே கைதட்டி அசை பிரித்துவிடுவர்.

வகுப்புக்கென நான் கட்டிய எளிய குறட்பா இது:

மழைநின்ற பின்னும் மரத்தடியில் தூறல்
விழச்சிரிக்கும் பிள்ளை விழி.

புளிமாங்காய், தேமா, கருவிளங்காய், தேமா. கருவிளங்காய், தேமா, மலர். (புளிமாங்காய் என்றதுமே வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டுமே!) மனனம் செய்த மாணவன் 'தூறல்' என்பதை மறந்து 'துளிகள்' என்பான். பொருள் கெடவில்லை; பொருளை மட்டும் பார்க்கும் ஆசிரியர் சரி என்று குறியிட்டுவிடுவார். ஆனால் 'துளிகள்' புளிமா. காய்முன் நிரை வந்து கலித்தளையாகி வெண்பாவே குலைந்துவிடுகிறது. கைதட்டிப் பழகிய பிள்ளை அவ்விடத்தில் தானே இடறி நிற்பான். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை.

எதுகையையும் பாருங்கள். மழை, விழ: ஈரடிகளிலும் இரண்டாம் எழுத்து ழகர வருக்கம். நம் பிள்ளைகள் 'மழை'யை 'மலை' என்று எழுதுவதைத் திருத்திச் சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். எதுகையைக் காதால் கேட்டுப் பழகியவனுக்கு 'மலை'யோடு 'விழ' ஒட்டாது என்பது உடனே புலப்படும். மழை-மரத்தடியில், விழ-விழி என ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் மோனையால் இணைவது பொழிப்பு மோனை; மறந்த சீரை நினைவூட்டுவதும் அதுவே. மனனத்தையே பெரிதென்போர் மனனத்துக்கு உதவும் கருவியை ஒதுக்கிவைப்பது என்ன நியாயம்?

ஒன்று மட்டும் வேண்டாம். வாய்பாட்டுப் பெயர்களையும் பட்டியலிட்டு ஒப்புவிக்கச் சொல்லிவிடாதீர்கள்; அதுவும் இன்னொரு கோடிட்ட இடமாகிவிடும்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளை குறள் ஒப்புவித்தால், பொருள் கேட்குமுன் மேசையில் தட்டிக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள்.