வரம்பும் வரிசையும்

பொதுக்குழாயில் நீர் குறையுங்கால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று வரையறுப்பதைக் குறை கூறுவார் இலர். கணிப்பொறிகள் ஒன்றையொன்று வினவும் வாயிலாகிய ஏ.பி.ஐ.க்கும் இத்தகைய வரம்பு இன்றியமையாததே. எனினும், வரம்பு மட்டுமே நீதி வழங்கிவிடாது என்பதற்கு 2021ஆம் ஆண்டின் அனுபவம் சான்றாகும்.

அவ்வாண்டு மே மாதத்தில் 18 முதல் 44 வயதினர்க்குத் தடுப்பூசி தொடங்கியபோது, தேவை மிகுந்து மருந்து குறைந்திருந்தது. டில்லியின் மயூர் விஹாரில் வாழ்வோர் கோவின் தளத்தில் 110091 போன்ற அஞ்சல் எண்ணை இட்டுக் கையால் தேடினர்; தானியங்கி நிரல்களோ அத்தகைய வினாக்களை ஓயாது விடுத்தன. ஓர் இணைய முகவரிக்கு 5 நிமிடத்தில் 100 வினாக்கள் என்று கோவின் தளத்தார் வரம்பிட்டிருந்தனர். விடை 30 நிமிடம் வரை பழையதாயிருக்கலாம் என்றும் அறிவித்தனர். முன்பதிவுக்கோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் காட்டிப் பெறும் டோக்கன் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அதுவும் சிறிது நேரமே செல்லும்.

இதினின்று நிரல் எழுதுவோர் கற்கவேண்டுவன சில உள. அவ்வரம்பின்படி 3 விநாடிக்கு ஒரு வினா விடுக்கலாம். அரை மணி நேரம் மாறாதிருக்கக்கூடிய விடையை 3 விநாடிக்கொரு முறை கேட்பதனால் பயன் யாது? பெற்ற விடையைச் சேமித்து வைத்தல் வேண்டும். ‘வினாக்கள் மிகுந்தன’ எனப் பொருள்படும் 429 என்னும் குறி வருமாயின், உடனே மீண்டும் தட்டாமல், காத்திருக்கும் காலத்தை ஒவ்வொரு முறையும் இரட்டித்தல் நன்று. டோக்கனை நிரலிலேயே எழுதிப் பலரறியச் செய்யாது, வீட்டுச் சாவிபோற் காத்தல் கடன்.

ஆயினும், இவ்வரம்பு முகவரிகளை எண்ணுமேயன்றி மாந்தரை எண்ணாது. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்வதுண்டு. பல முகவரிகளை ஒருவரே கைக்கொள்வதும் உண்டு. இணையமே இல்லாத கூலித்தொழிலாளியோ அவ்வரிசையில் நிற்கவும் இயலாது. 2021 மே 24 அன்று, அவ்வயதினர் அரசு மையங்களில் நேரிற் பதிவு செய்துகொள்ள மைய அரசு இசைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். மே 31ஆம் நாளைய ஆணையில் உச்ச நீதிமன்றமும் இவ்வேற்றத்தாழ்வைச் சுட்டியது.

ஆதலின், பொதுப்பணியில் இயந்திர வாயில் அமைக்குமிடத்தெல்லாம், அதனருகே மனிதர் நடந்து வரும் வாயிலொன்றும் திறந்திருத்தல் வேண்டும். அவ்வாயிலில் நின்று உதவுவது களப்பணியாளர் கடமை; வினவக் கற்பிக்கும்போதே காத்திருக்கவும் கற்பிப்பது ஆசிரியர் கடமை.