சாவி நம்மிடம், பூட்டு அவர்களிடம்!

கார் வாங்குகிறவன் விலை கொடுத்து வாங்குகிறான். தவணை கட்டுகிறான், வட்டி கட்டுகிறான், சாலை வரியும் கட்டுகிறான். இத்தனையும் கட்டிய பின் வண்டி அவனுக்குச் சொந்தம் என்றுதான் எவரும் நினைப்பர். நடுவழியில் அச்சு உடைந்து நிற்கும்போதுதான் உண்மை தெரிகிறது: வண்டி அவனுக்குச் சொந்தம், அதைப் பழுது பார்க்கும் வழி கம்பெனிக்குச் சொந்தம்!

இது மிகையல்ல. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒரு தோழரை எடுத்துக் கொள்வோம். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் முன் சக்கரத்தில் 'கடக் கடக்' என்று ஓசை. அச்சுத் தண்டின் முனையிலுள்ள ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்து, மூட்டு தேய்ந்து விட்டது. தோழருக்குக் கைவேலை தெரியும். ஜாக்கியும் ஸ்பானரும் வீட்டிலேயே இருக்கின்றன. ஒரு நாள் வருமானம் போனாலும் போகட்டும், தாமே மாட்டிக் கொள்ளலாம் என்று சென்னைப் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ புறப்படுகிறார்.

அங்கே கடைக்காரர் கேள்விகளை அடுக்குகிறார். இடப்பக்கமா, வலப்பக்கமா? பல வண்டிகளில் இரண்டின் நீளமும் வேறு. தண்டின் உள்முனையில் பல் எத்தனை, வெளிமுனையில் எத்தனை? ஏ.பி.எஸ். பிரேக் உண்டா? உண்டென்றால் தண்டின் மேல் சக்கர வேகத்தைக் கணக்கிடும் வளையம் இருக்கிறதா, இல்லையா? கையால் மாற்றும் கியரா, ஆட்டோமேட்டிக்கா? வண்டியின் பெயர் ஒன்றாக இருக்கும். ஆண்டும் ஒன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் கியர் பாக்ஸ் மட்டும் வேறாக இருக்கும். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் தண்டு உள்ளே இறங்காது. இறங்கி விட்டு நீளம் பொருந்தாமற் போனாலோ இன்னும் ஆபத்து!

கியர் பாக்ஸ் எண்ணெயிலும் இதே கதைதான். ஜி.எல்.-4 என்று ஒரு தரம், ஜி.எல்.-5 என்று இன்னொரு தரம். எண் பெரிதானால் எண்ணெயும் மேல் என்று நினைப்பவர் பலர். ஆனால் ஜி.எல்.-4 கேட்கும் கையியக்கக் கியர் பாக்ஸில் ஜி.எல்.-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்க்கைப் பொருள் சில பெட்டிகளின் பித்தளை வளையங்களை அரிக்கக் கூடும்; கியரும் சரியாக விழாது. ஆட்டோமேட்டிக் பெட்டிக்கோ முற்றிலும் வேறு எண்ணெய் வேண்டும்.

ஆக, சரியான பாகம் என்பது முதலில் சரியான தகவல். அந்தத் தகவல் எங்கே இருக்கிறது? வண்டியின் 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், இன்ன பாகம், இன்ன எண் என்று கம்பெனியின் பட்டியல் துல்லியமாகச் சொல்லி விடும். பட்டியல் இருக்கிறது, பாகமும் இருக்கிறது. இரண்டும் யார் கையில் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இந்தியப் போட்டி ஆணையமே விடை சொல்லியிருக்கிறது. 2011-ல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரிலிருந்து விசாரணை வளர்ந்தது. 2014 ஆகஸ்ட் 25-ல் தீர்ப்பு வந்தது. உள்நாட்டுக் கம்பெனிகளும் வெளிநாட்டுக் கம்பெனிகளுமாக 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம்! உதிரி பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க விடாமல் ஏகபோகம் செய்தார்கள் என்பது குற்றம். 100 சதவிகிதம் முதல் ஏறத்தாழ 5,000 சதவிகிதம் வரை உதிரி பாக விலையில் ஏற்றம் இருந்ததாக விசாரணை சொன்னது. பாகங்கள் வெளிச் சந்தையில் கிடைக்க வேண்டும். வெளிப் பட்டறையில் வேலை பார்த்தான் என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை ரத்துச் செய்யக் கூடாது என்று ஆணையம் கட்டளையிட்டது. மற்றொரு பெரிய கம்பெனிக்கு 2015-ல் தனியாக 420 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது.

அபராதம் விழுந்தது, பூட்டு திறந்ததா? கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. போட்டிச் சட்டமே செல்லாது என்றும் வழக்காடின. அந்தச் சட்டம் பற்றித் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2019 ஏப்ரல் வரை ஆயிற்று. முதலாளிக்குக் காலம் மூலதனம். தொழிலாளிக்குக் காலம் கூலி! ஐந்தாண்டு வழக்கைக் கம்பெனி தாங்கும். ஐந்து நாள் வண்டி நின்றால் ஓட்டுநர் வீட்டு அடுப்பு தாங்குமா?

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. பெரும்பாலான பாகங்களைக் கார் கம்பெனி தானே செய்வதில்லை. துணைத் தொழிற்சாலைகளில் தொழிலாளி கடைகிறான், பல் வெட்டுகிறான், பதம் ஏற்றுகிறான். ஆனால் அதே பாகத்தை அந்தத் தொழிற்சாலை வெளிச் சந்தையில் நேரே விற்க முடியாதபடி ஒப்பந்தம் கட்டிப் போட்டிருந்ததை 2014 விசாரணை வெளிக் கொணர்ந்தது. கம்பெனிப் பெட்டிக்குள் புகுந்ததும் அதற்கு வேறு விலை! தொழிலாளி செய்த பொருளைத் தொழிலாளியே வாங்க முடியவில்லை என்றால், இதற்கு வியாபாரம் என்று பெயரா, சுரண்டல் என்று பெயரா?

"கண்டவர்கள் கண்ட பாகத்தை மாட்டினால் உயிருக்கு ஆபத்து" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். போலிப் பாகம் ஆபத்தானதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் போலி எங்கிருந்து பிறக்கிறது? அசல் கிடைக்காத இடத்திலும், கிடைத்தாலும் கை எட்டாத விலையிலும்தான் பிறக்கிறது. அசலைத் திறந்த சந்தைக்கு விடுங்கள். பாக எண்ணை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். போலியின் பிழைப்பில் பாதி அன்றே போய் விடும்.

வேறெங்கும் இது நடக்கவில்லையா? முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது! மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் வாக்காளர்களில் 80 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் பழுது பார்க்கும் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர். கம்பியில்லாமல் வண்டியிலிருந்து கம்பெனிக்குப் போகும் தகவல்களுக்கும் அந்த உரிமையை நீட்டக் கேட்டு 2020-ல் மீண்டும் வாக்கெடுப்பு. 75 சதவிகிதம் பேர் ஆதரித்தனர். அங்கும் கம்பெனிகள் நீதிமன்றம் ஓடின. ஆனால் மக்கள் எந்தப் பக்கம் என்பதில் ஐயமே இல்லை.

நமது மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. மோட்டார் வாகனமும் அதன் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையத்தளமும் திறந்தது. திறக்கட்டும், வரவேற்கிறோம். ஆனால் இணையத்தளம் சட்டமாகி விடுமா? மனம் வந்தால் கொடுக்கலாம் என்பது தயவு; கொடுத்தே தீர வேண்டும் என்பது உரிமை. நாம் கேட்பது தயவு அல்ல!

கோரிக்கை மூன்று. சேஸிஸ் எண்ணைச் சொன்னால் பாக எண்ணும் எண்ணெய்த் தரமும் கட்டணமின்றி எவருக்கும் தெரிய வேண்டும். பாகம் செய்யும் தொழிற்சாலை தன் பெயரிலேயே வெளிச் சந்தையில் விற்கத் தடை கூடாது. பாகத்தை மாட்டிய பின் கணிப்பொறிக் கருவியால் கம்பெனி திறந்து விட்டால்தான் ஓடும் என்ற மின்னணுப் பூட்டின் சாவி, வெளிப் பட்டறைக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டும்.

சட்டம் வரும் வரை தோழர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. சேஸிஸ் எண்ணை எழுதிப் பையில் வையுங்கள். பழைய தண்டைக் கையோடு கொண்டு போய், பல்லை எண்ணி, நீளத்தை அளந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தே புதியதை வாங்குங்கள். எண்ணெய் சீலையும் அச்சு நட்டையும் கூடவே மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். உங்கள் உயிருக்கு எந்தக் கடையிலும் உதிரி பாகம் கிடையாது!

பல்லை எண்ணத் தெரிந்த கை, பறிபோகும் உரிமையையும் எண்ணிப் பார்க்கட்டும். ஒற்றை ஓட்டுநர் கேட்டால் கடை வாசலோடு நின்று விடும். ஓட்டுநரும், பட்டறைத் தொழிலாளியும், பாகம் செய்யும் ஆலைத் தொழிலாளியும் சேர்ந்து கேட்டால், அந்தப் பூட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்?